பைபாப் மாஸ்க்ல விட்ட மூச்சே திரும்ப உள்ள போகுதா? எந்த செட்டப் யாருக்கு சரி வரும்

ஒரு ராத்திரி டியூட்டில நடந்ததுலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இந்த விஷயத்துல எனக்கு இவ்ளோ அக்கறை வந்ததே அன்னிக்குத்தான். சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் இருக்குற ஒரு பெரியவர், மூச்சு வாங்கிக்கிட்டே வந்து சேந்தாரு, ரத்தத்துல அமிலம் ஏறி பிஎச் 7.26, சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு, எகிறி 72. பைபாப், அதாவது மாஸ்க் வழியா பிரஷரோட காத்து தள்ளி மூச்சுக்கு உதவுற மெஷின், போட்டாச்சு. ரெண்டு மணி நேரத்துல ஐபாப் (மூச்சு இழுக்கும்போது மெஷின் குடுக்குற பிரஷர்) 12-லேர்ந்து 16 வரைக்கும் ஏத்தியாச்சு, மாஸ்க் மூஞ்சில நல்லா உக்காந்திருக்கு, ஆக்ஸிஜன் 90-ல நிக்குது, ஆனா ஏபிஜி (தமனி ரத்தத்துல வாயு அளவு பாக்குற டெஸ்ட்) திரும்ப எடுத்தா சிஓ2 74. ஆளு முன்ன விட இன்னும் தூக்கக் கலக்கமா இருக்காரு. இன்ட்யூபேட் பண்ணிடலாமா, அதாவது மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போட்டுடலாமான்னு பேச்சே வந்துடுச்சு. அப்ப வந்த சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க மானிட்டரையும் பாக்கல, மெஷின் செட்டிங்கையும் பாக்கல, மாஸ்க்லேர்ந்து டியூபை விரலால தடவிக்கிட்டே போனாங்க. மாஸ்க், அடுத்து ஒரு கேத்தட்டர் மவுண்ட் (வளையுற சின்ன இணைப்பு டியூப்), அடுத்து ஒரு ஃபில்டர், அதுக்கும் அந்தப் பக்கம்தான் எக்ஸலேஷன் போர்ட் (விட்ட மூச்சு வெளிய போற ஓட்டை), அதுவும் போர்வைக்கு அடியில. "இவர் விட்ட மூச்சு வெளிய போறதுக்கு வழி எங்கப்பா இருக்கு"ன்னு கேட்டாங்க. எங்க யாருக்கும் பதில் இல்ல.

ஃபில்டரை மெஷின் பக்கம் கொண்டு போனோம், மவுண்டைக் கழட்டினோம், மாஸ்க்லயே ஓட்டை இருக்குற வென்டட் மாஸ்க்குக்கு மாத்தினோம், ஈபாப் (மூச்சு விடும்போது இருக்குற பிரஷர்) 4-லேர்ந்து 6, ஐபாப் 18. ஒரு மணி நேரம் கழிச்சு சிஓ2 63. விடியறதுக்குள்ள கண்ணைத் தொறந்து தண்ணி கேட்டாரு. அந்த ரெண்டு மணி நேரம் நாங்க அவருக்கு அவரோட மூச்சையே திருப்பித் திருப்பி ஊட்டிட்டு இருந்திருக்கோம்ங்கிறது எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

அதனால பைபாப்க்கு மாஸ்க், டியூப் செலக்ட் பண்ணும்போது என்னென்ன வழி இருக்கு, எதுல இந்த ரீபிரீத்திங், அதாவது விட்ட மூச்சையே திரும்ப இழுக்குறது, அதிகம், எதுல கம்மி, எது யாருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். வார்டுல வேலை பாக்குறவங்களுக்கும் சரி, வீட்ல ஒருத்தருக்கு ராத்திரி மெஷின் போட்டு விடுறவங்களுக்கும் சரி, ரெண்டு பேருக்கும் ஆகும். செட்டிங் மாத்துறது உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான், ஆனா டியூப் மாட்டியிருக்குறது சரியான்னு பாக்க யார் பர்மிஷனும் வேணாம்.

முதல்ல கணக்கு. வெளிக்காத்துல சிஓ2 0.04 சதவீதம்தான் இருக்கு. நாம விடுற மூச்சுல அது 4, 5 சதவீதம், அதாவது நூறு மடங்கு. ஒரு ஆள் சாதாரணமா ஒரு மூச்சுக்கு 500 மி.லி. இழுத்தா அதுல சுமார் 150 மி.லி. தொண்டையிலயும் மூச்சுக்குழாய்லயும் நின்னுடும், நுரையீரலோட அந்தக் குட்டிப் பைகள் வரைக்கும் போகவே போகாது. இதைத்தான் டெட் ஸ்பேஸ்ங்கிறோம். அடுத்த மூச்சு இழுக்கும்போது முதல்ல உள்ள போறதே இந்தப் பழைய காத்துதான். ஆக வேலைக்கு ஆகுறது 350. இப்ப மூச்சு முட்டி வந்திருக்குற ஆள் மேலோட்டமா 300 மி.லி. தான் இழுக்குறாருன்னு வைங்க, உபயோகமானது 150-தான் மிச்சம். இதுல நாம மாஸ்க், மவுண்ட், ஃபில்டர்னு இன்னொரு 150 மி.லி. பழைய காத்தைக் கூட சேத்துக் குடுத்தா கணக்குப்படி ஒண்ணுமே மிஞ்சாது. மெஷின் தள்ளுறதால டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சோட அளவு, ஏறும், அதனால நிஜத்துல அவ்ளோ மோசமா போறதில்ல, ஆனா எந்தப் பக்கம் இழுக்குதுன்னு புரியுதுல்ல.

இதுல ஒரு பெரிய ஏமாத்து வேலை ஆக்ஸிஜன் நம்பர். ஆக்ஸிஜன் கொஞ்சம் கூட்டி விட்டா விரல்ல மாட்டுற மீட்டர் 90-க்கு மேல காட்டிக்கிட்டே இருக்கும், உள்ள சிஓ2 ஏறிக்கிட்டே இருக்கும். சிஓபிடிக்காரங்களுக்கு 88-லேர்ந்து 92 போதும்னு சொல்றதுக்கு ஒரு காரணமே அதுக்கு மேல ஆக்ஸிஜன் குடுத்தா சிஓ2 இன்னும் ஏறும்ங்கிறதுதான். சிஓ2 ஏறுனா தெரியுற அறிகுறி தலைவலி, தூக்கக் கலக்கம், குழப்பமா பேசுறது, கையை நீட்டச் சொன்னா படபடன்னு அடிச்சுக்குறது. தூங்குறாரேன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி எழுப்பிப் பாக்கணும், எழுந்து தெளிவா பேசுனாத்தான் அது தூக்கம்.

சரி, செட்டப்புக்கு வரேன். விட்ட மூச்சு எந்த வழியா வெளிய போகுதுங்கிறதை வச்சுத்தான் பிரிக்கணும், மாஸ்க் சைஸை வச்சு இல்ல.

நிறைய இடத்துல இருக்குறது சிங்கிள் லிம்ப், அதாவது மெஷின்லேர்ந்து மாஸ்க்குக்கு ஒரே ஒரு டியூப். உள்ள வர்ற காத்தும் அதே வழி, விடுற மூச்சும் பாதி அதே டியூபுக்குள்ளதான் திரும்பிப் போகும். அப்புறம் எப்படி வெளிய போகுதுன்னா, வேணும்னே ஒரு ஓட்டை வச்சிருக்காங்க, அது வழியா எப்பவும் காத்து வெளிய போயிட்டே இருக்கும். இழுக்கும்போதும் போகும், விடும்போதும் போகும். மெஷின் விடாம காத்து தள்ளிக்கிட்டே இருக்குறதால அந்த ஓட்டை வழியா பழைய காத்து அடிச்சுட்டுப் போயிடும். இங்க எல்லாமே ரெண்டு விஷயத்துலதான் நிக்குது, ஓட்டை எங்க இருக்கு, அது வழியா எவ்ளோ காத்து போகுது.

ஓட்டை எங்க இருக்குன்னு பாத்தா ரெண்டு வகை. ஒண்ணு மாஸ்க்லயே, இல்ல மாஸ்க்கோட சேந்த எல்போல (வளைஞ்ச இணைப்புல) சின்னச் சின்ன ஓட்டை இருக்குற வென்டட் மாஸ்க். இன்னொண்ணு ஓட்டையே இல்லாத நான்-வென்டட் மாஸ்க் போட்டு, டியூப்ல தனியா எக்ஸலேஷன் போர்ட் மாட்டுறது. என்னைக் கேட்டா ஒத்த டியூப் மெஷின்னா வென்டட் மாஸ்க்தான், யோசிக்கவே வேணாம். காரணம், மூச்சு வர்ற வாய்க்கு மூக்குக்கு எவ்ளோ பக்கத்துல ஓட்டை இருக்கோ அவ்ளோ சீக்கிரம் பழைய காத்து வெளிய போயிடும், டியூபுக்குள்ள போய் உக்காந்து அடுத்த மூச்சுல திரும்பி வராது. 2003-ல ஸ்கெட்டினோவும் கூட இருந்தவங்களும் இதை நுரையீரல் மாடல் வச்சு அளந்தாங்க, ஓட்டை மாஸ்க்குக்குள்ள இருக்கும்போது டியூப்ல இருக்குறதை விட ரீபிரீத்திங் கம்மின்னு வந்துச்சு. மூக்குத்தண்டு கிட்ட ஓட்டை இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா உள்ள வர்ற புதுக் காத்து கீழேருந்து மேல வரைக்கும் மாஸ்க் முழுக்க கழுவிட்டுப் போகும்.

தனி போர்ட் வைக்கிறதுல என்ன பிரச்சனைன்னா, மாஸ்க்குக்கும் போர்ட்டுக்கும் நடுவுல யாராவது எதையாவது சொருகிடுவாங்க. கொரோனா சமயத்துல வைரஸ் வெளிய பரவக்கூடாதுன்னு நான்-வென்டட் மாஸ்க், அதுக்கப்புறம் ஃபில்டர், அதுக்கப்புறம் போர்ட்னு உலகம் முழுக்க மாட்டினோம். அப்ப அது நியாயமான முடிவுதான், கூட வேலை பாக்குறவங்களைக் காப்பாத்த வேண்டியிருந்துச்சு. ஆனா அந்தப் பழக்கம் நிறைய இடத்துல அப்படியே தங்கிடுச்சு, சிஓ2 அதிகமா வர்ற ஆளுக்கும் அதே மாதிரி மாட்டுறாங்க. அந்த ஃபில்டர் எவ்ளோ கொள்ளுமோ அவ்ளோ மி.லி.யும் அவரோட டெட் ஸ்பேஸ்ல சேந்துடுது, இன்ஃபெக்ஷன் பயம் இல்லாத இடத்துல அதுக்குத் தேவையே இல்ல.

இன்னொரு ஆபத்து இதை விடப் பெருசு. ஒத்த டியூப் மெஷின்ல நான்-வென்டட் மாஸ்க்கை மாட்டிட்டு போர்ட்டை மாட்ட மறந்துடுறது. அப்ப விட்ட மூச்சுக்குப் போக்கிடமே இல்ல, ஒரு பைக்குள்ள மூஞ்சியை விட்டு மூச்சு விடுற மாதிரிதான். மெஷின் பிரஷர் எல்லாம் சரியா காட்டும், லீக் பூஜ்யம்னு காட்டும், பாக்குறவங்க மாஸ்க் சூப்பரா செட் ஆயிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. பல கம்பெனிங்க நான்-வென்டட் எல்போவை நீல நிறத்துல பண்றாங்க, நீலம் பாத்தா நிதானிங்க. நிறத்தை மட்டும் நம்பவும் வேணாம், மாஸ்க் மேலயே வென்டட்டா நான்-வென்டட்டான்னு எழுதியிருக்கும், அதைப் படிச்சுட்டு மாட்டுங்க.

தலைகீழாவும் ஆகும். வென்டட் மாஸ்க்கும் போட்டு டியூப்ல போர்ட்டும் வச்சா ரெண்டு ஓட்டை. ரீபிரீத்திங் வராது, ஆனா காத்து எக்கச்சக்கமா வெளிய போகும், ஆள் மூச்சு இழுக்குறதை மெஷினால கண்டுபிடிக்க முடியாம திணறும், பிரஷர் ஒழுங்கா போய்ச் சேராது. போய்ச் சேரலைன்னா சிஓ2 எப்படி இறங்கும். ஆக ஒரே ஒரு ஓட்டை.

இப்ப ரெண்டாவது கேள்வி, எவ்ளோ காத்து போகுது. இதுலதான் ஈபாப் வருது, இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா நிறைய பேர் ஈபாப்னா ஆக்ஸிஜனுக்கு மட்டும்னு நினைச்சுட்டு இருக்காங்க. ஒத்த டியூப் மெஷின்ல நாம மூச்சு விடுற நேரத்துல டியூபுக்குள்ள இருக்குற பிரஷர் ஈபாப்தான், ஓட்டை வழியா காத்தைத் தள்ளுறதும் அதுதான். அதனாலதான் இந்த வகை மெஷின்கள்ல ஈபாப்பை 4-க்குக் கீழ (இந்த பிரஷர் நம்பர் எல்லாம் செ.மீ. தண்ணி அளவு) இறக்க விடுறதில்ல. 4-ல வச்சா ஒரு சாதாரண வென்டட் மாஸ்க்ல நிமிஷத்துக்கு சுமார் 20 லிட்டர் வெளிய போகும்னு வச்சுக்கலாம், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், மாஸ்க் கூட வர்ற தாள்ல எந்த பிரஷருக்கு எவ்ளோன்னு கிராஃப் போட்டிருப்பாங்க.

20 லிட்டர்னா செகண்டுக்கு 333 மி.லி. ஒரு ஆள் நிமிஷத்துக்கு 15 மூச்சு விட்டா ஒரு மூச்சுக்கு 4 செகண்ட், அதுல விடுற நேரம் ஒரு 2.6 செகண்ட், அதுக்குள்ள 860 மி.லி.க்கு மேல ஓட்டை வழியா போயிடும். அவர் விட்டது 500 தான், ஆக எல்லாம் கழுவிட்டுப் போயிடுச்சு, பிரச்சனையே இல்ல. அதே ஆள் நிமிஷத்துக்கு 30 மூச்சு விட்டா? ஒரு மூச்சுக்கே 2 செகண்ட், விடுற நேரம் 1.2 செகண்ட், வெளிய போறது 400 மி.லி. தான். விட்டது 500. மிச்சம் டியூபுக்குள்ளயோ மாஸ்க்குக்குள்ளயோ நின்னு அடுத்த மூச்சுல திரும்ப உள்ள போகும். இது மோட்டா கணக்குதான், நிஜத்துல காத்து கலந்து கலந்து போகும், ஆனா யாருக்கு ரொம்ப அவசரமா சிஓ2 இறங்கணுமோ அவங்கதான் வேக வேகமா மூச்சு விடுறவங்க, அவங்களுக்குத்தான் இந்த செட்டப் கழுத்தறுக்குது. ஈபாப்பை 8 ஆக்குனா ஓட்டை வழியா போறது ரெட்டிப்பா ஆகாது, பிரஷரோட வர்க்கமூலம் அளவுக்குத்தான் ஏறும், அதாவது 20-லேர்ந்து சுமார் 28 லிட்டர். அதே 1.2 செகண்ட்ல 560 மி.லி. இப்ப 500-ம் வெளிய போக இடம் இருக்கு.

1995-ல ஃபெர்குசன், கில்மார்ட்டின்னு ரெண்டு பேர் பைபாப் மெஷின்ல இதைத்தான் ஆராய்ஞ்சாங்க. சாதாரண போர்ட்டும் கம்மி ஈபாப்பும் வச்சா விட்ட மூச்சு டியூப்ல தங்குது, வேற மாதிரி வால்வு மாட்டுனாலோ ஈபாப்பை ஏத்துனாலோ அது குறையுதுன்னு காட்டினாங்க. இவ்ளோ வருஷம் ஆகியும் 4-ல வச்சுட்டு மறந்துடுறது மாறவே இல்ல.

ஆனா இங்க ஒரு குழி இருக்கு, பாத்துப் போங்க. ஈபாப்பை மட்டும் ஏத்திட்டு ஐபாப்பை அப்படியே விட்டா சிஓ2 இன்னும் ஏறும். எப்படின்னா ஐபாப் 14-க்கு ஈபாப் 4 வச்சிருந்தா நடுவுல இருக்குற வித்தியாசம் 10, அந்த 10 தான் அவருக்கு மூச்சை நிரப்பிக் குடுக்குது. ஈபாப் 8 ஆக்கிட்டு ஐபாப்பை 14-லயே விட்டா வித்தியாசம் 6, மூச்சோட அளவு சுருங்கிடும். டியூபைக் கழுவப் போய் நுரையீரலைக் கழுவாம விட்ட கதை ஆயிடும். ஈபாப் எவ்ளோ ஏறுதோ ஐபாப்பும் அவ்ளோ ஏறணும், 14-க்கு 4 இருந்தா 18-க்கு 8. எல்லாராலயும் 8 தாங்க முடியாது, ரத்த அழுத்தம் ஏற்கனவே கம்மியா இருக்குறவங்களுக்கு அது இன்னும் இறங்கும், சிலருக்கு வயிறு உப்பும். அதனால நான் முதல்ல ஓட்டையோட இடத்தைச் சரி பண்ணச் சொல்வேன், அது யாருக்கும் வலிக்காது, அப்புறம்தான் 5, 6-ன்னு படிப்படியா ஏத்துறது.

இதுக்கு அடுத்தது ஆக்டிவ் வால்வு வச்ச ஒத்த டியூப். இதுல எப்பவும் ஒழுகுற ஓட்டை கிடையாது, மாஸ்க் பக்கத்துல ஒரு வால்வு இருக்கும், இழுக்கும்போது மூடிக்கும், விடும்போது தொறக்கும், அதைத் தொறந்து மூட ஒரு மெல்லிசு டியூப் மெஷின்லேர்ந்து தனியா வரும். விட்ட மூச்சு நேரா வெளிய. ரீபிரீத்திங்னு பாத்தா மாஸ்க்குக்குள்ள தங்குறது மட்டும்தான், ஈபாப் பூஜ்யம் வச்சாக்கூட ஓடும். தசை நோய் இருக்குறவங்க வீட்ல வச்சிருக்குற போர்ட்டபிள் வென்டிலேட்டர்கள்ல இதைப் பாக்கலாம். மாஸ்க் கண்டிப்பா நான்-வென்டட்டா இருக்கணும். குறை என்னன்னா மாஸ்க் ஓரமா லீக் வந்தா இந்த செட்டப் அவ்ளோ நல்லா சமாளிக்காது, அந்த மெல்லிசு டியூப்ல தண்ணி கோத்தா வால்வு சண்டித்தனம் பண்ணும். மூஞ்சில மாஸ்க் சரியா உக்காராத ஆளுக்கு இது வேணாம்.

ஐசியூ வென்டிலேட்டர்ல வர்றது டபுள் லிம்ப். உள்ள போறதுக்கு ஒரு டியூப், வெளிய வர்றதுக்கு ஒரு டியூப், நடுவுல ஒய் மாதிரி ஒரு இணைப்பு. விட்ட மூச்சு தனிப் பாதையில போயிடுறதால டியூபுக்குள்ள தங்கித் திரும்பி வர்ற பேச்சே இல்ல, ஒய்க்கும் மூஞ்சிக்கும் நடுவுல இருக்குறது மட்டும்தான் டெட் ஸ்பேஸ். இன்னொரு பெரிய நன்மை, அவர் எவ்ளோ மூச்சு விட்டாருன்னு மெஷினே அளந்து சொல்லும், ஒத்த டியூப்ல வர்ற நம்பர் லீக்கை கழிச்சுப் போடுற உத்தேசக் கணக்குதான். இதுலயும் நான்-வென்டட் மாஸ்க்தான், வென்டட் மாட்டுனா அலாரம் அடிச்சுத் தள்ளிடும். மெஷின்ல என்ஐவி மோடு (மாஸ்க் வழியா குடுக்குறதுக்கான மோடு) போட மறக்காதீங்க, இல்லைன்னா சின்ன லீக்குக்கே கூப்பாடு போடும். டியூப் ரெண்டு இருக்குறதால கனம், மாஸ்க்கை இழுத்துக்கிட்டே இருக்கும், வீட்டுக்கு தோதுப்படாது.

ஹெல்மெட்டுக்கு வரேன், இதுல கணக்கே வேற. தலை முழுக்க மூடுற அந்தப் பிளாஸ்டிக் கூடு பத்து லிட்டருக்கு மேல இருக்கும், ஒரு மூச்சை விட இருபது மடங்கு பெருசு. அதனால ஒவ்வொரு மூச்சும் எவ்ளோ தங்குதுன்னு பாக்குறதுல அர்த்தமில்ல, அது ஒரு சின்ன ரூம் மாதிரி, ஜன்னல் எவ்ளோ தொறந்திருக்குங்கிறதுதான் கேள்வி. உடம்பு சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் 200 மி.லி. சிஓ2 விடுது. நிமிஷத்துக்கு 40 லிட்டர் புதுக் காத்து உள்ள விட்டா ஹெல்மெட்டுக்குள்ள 0.5 சதவீதம் நிக்கும், 60 லிட்டர் விட்டா 0.33. இது தாங்கக்கூடியது. ஆனா அதையே ஐசியூ வென்டிலேட்டர்ல சும்மா சிபாப் மோட்ல (இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே பிரஷர்) மாட்டிட்டீங்கன்னா, மெஷின் அவர் இழுக்குற அளவுக்குத்தான் காத்து விடும், நிமிஷத்துக்கு 10 லிட்டர்னா உள்ள 2 சதவீதம் சிஓ2, வெளிக்காத்தை விட ஐம்பது மடங்கு. அதனால ஹெல்மெட் சிபாப்னா நிக்காம ஓடுற ஃப்ளோ ஜெனரேட்டர்ல மட்டும், அதுவும் 40-க்குக் குறையாம, 60-ன்னா நிம்மதி.

அப்ப ஹெல்மெட் மோசமான்னா இல்லவே இல்ல. ஆக்ஸிஜன் குறைபாட்டுல வர்றவங்களுக்கு அது அருமையான சாதனம், 2016-ல ஜாமாங்கிற மருத்துவப் பத்திரிகைல வந்த ஒரு ஆய்வுல ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீர்னு மோசமா பாதிக்கப்படுறது) ஆளுங்கள்ல மாஸ்க் போட்டவங்கள்ல 61.5 சதவீதம் பேருக்கு இன்ட்யூபேஷன் தேவைப்பட்டுச்சு, ஹெல்மெட் போட்டவங்கள்ல 18.2. மூக்குத்தண்டுல புண் வராது, ரொம்ப நேரம் தாங்குவாங்க. ஆனா அவங்க பிரச்சனை ஆக்ஸிஜன், சிஓ2 இல்ல. சிஓ2 எகிறி வந்திருக்குற சிஓபிடி ஆளுக்கு முதல் சாய்ஸா நான் ஹெல்மெட் எடுக்க மாட்டேன், மாஸ்க் அளவுக்கு சிஓ2-வை இறக்குறதில்லைன்னு பாத்திருக்காங்க. மாஸ்க்கே வைக்க முடியாத மூஞ்சின்னா அப்ப யோசிக்கலாம்.

மாஸ்க் சைஸ் பத்தி நிறைய பேர் கேப்பாங்க. மூக்கு மாஸ்க் சுமார் 100 மி.லி., மூக்கும் வாயும் சேந்தது ஒரு 200, மூஞ்சி முழுக்க மூடுறது அதை விட பல மடங்கு. பெரிய மாஸ்க்னா ரீபிரீத்திங் அதிகம்னு தோணும், எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா காத்து அதுக்குள்ள எந்தப் பாதையில ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தவங்க சொல்றது, உள்ளளவு எவ்ளோ இருந்தாலும் நிஜமா டெட் ஸ்பேஸா வேலை செய்றது அதை விடக் கம்மிதான், காத்து போற வழியில இருக்குற பகுதி கழுவிட்டுப் போயிடும், மூலை முடுக்குல நிக்கிறது அங்கயே நிக்கும். அதனால பெரியவங்களுக்கு மாஸ்க் சைஸை மூஞ்சிக்கு எது லீக் இல்லாம, புண் இல்லாம உக்காருதோ அதை வச்சே முடிவு பண்ணுங்க. குழந்தைங்கன்னா மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது. 15 கிலோ குழந்தையோட ஒரு மூச்சே 100 மி.லி. கிட்டத்தான், பெரியவங்க மாஸ்க்கோட உள்ளளவு அதை விட ஜாஸ்தி. அங்க சின்ன மாஸ்க்தான், ஒவ்வொரு மி.லி.யும் கணக்கு.

காத்தை ஈரமாக்குறதுலயும் ஒரு முடிவு எடுக்கணும். மாஸ்க் பக்கத்துல மாட்டுற எச்எம்இ ஃபில்டர் (விட்ட மூச்சோட சூட்டையும் ஈரத்தையும் பிடிச்சு வச்சுத் திருப்பிக் குடுக்குறது) சுலபம், கரண்ட் வேணாம், ஆனா அதுவே டெட் ஸ்பேஸ். 2002-ல வந்த ஆய்வுகள்லயே சூடான ஹியூமிடிஃபையரோட (தண்ணியைச் சூடாக்கி காத்தை ஈரமாக்குற கருவி) ஒப்பிட்டுப் பாத்து, எச்எம்இ மாட்டுனவங்க அதே சிஓ2-க்கு அதிகமா மூச்சு இழுத்து உழைக்க வேண்டியிருக்குன்னு சொல்லிட்டாங்க. சிஓ2 பிரச்சனைல வந்தவருக்கு சூடான ஹியூமிடிஃபையர்தான், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

அப்ப யாருக்கு எது. எமர்ஜென்சில சிஓபிடி, பிஎச் 7.35-க்குக் கீழ, கைல இருக்குறது ஒத்த டியூப் பைபாப்னா மூக்கும் வாயும் மூடுற வென்டட் மாஸ்க், ஈபாப் 5 இல்ல 6, ஐபாப் அதுக்கு மேல குறைஞ்சது 10, நடுவுல எதுவும் சொருகாம, ஒரு மணி நேரத்துல ஏபிஜி. அவர் நிமிஷத்துக்கு 30-க்கு மேல மூச்சு விட்டுட்டு இருந்து சிஓ2 இறங்கலைன்னா, பக்கத்துல டபுள் லிம்ப் மெஷின் இருந்தா அதுக்கு மாத்திடுவேன், காத்திருக்க மாட்டேன். ஹார்ட் ஃபெயிலியர்ல நுரையீரல்ல தண்ணி கோத்து வர்றவங்களுக்கு எப்படியும் 8, 10-ன்னு பிரஷர் ஓடும், அங்க ரீபிரீத்திங் பத்திக் கவலைப்பட்டு நேரம் போக்க வேணாம். உடல் பருமனால ராத்திரி மெஷின் போடுறவங்களுக்கும் தொண்டை அடைக்காம இருக்க ஈபாப் அதிகமாத்தான் வைப்பாங்க, அவங்களுக்கும் பெருசா வராது.

ரொம்ப கவனிக்க வேண்டியது தசை நோய்க்காரங்களைத்தான். அவங்களுக்கு நுரையீரல் நல்லாத்தான் இருக்கும், தசைக்குத்தான் பலம் இல்ல, அதனால ஈபாப் ரொம்பக் கம்மியா 4-லயே வச்சிருப்பாங்க, மாஸ்க் ஓட்டைல கொஞ்சம் தூசி அடைச்சாக்கூட உறைக்கும். காலைல எழுந்தா தலைவலின்னு சொன்னா பிரஷரை மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி மாஸ்க்கை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு அந்த ஓட்டைங்க எல்லாம் தொறந்திருக்கான்னு பாருங்க. மாஸ்க் மாத்தும்போது அதே வகையான்னு பாருங்க, வென்டட் போட்டவருக்கு புதுசா வந்தது நான்-வென்டட்டா இருந்துடப் போகுது.

சிஓ2 இறங்கலைன்னா எப்பவும் ரீபிரீத்திங்தான் காரணம்னு நான் சொல்ல வரல. பாதிக்கு மேல பிரஷர் பத்தாதது, மாஸ்க் ஓரம் லீக், மெஷினும் ஆளும் ஒத்துப் போகாததுதான். ஆனா டியூபைத் தடவிப் பாக்க அரை நிமிஷம் போதும், அதனால அதை முதல்ல பண்ணிடுங்க. கையை ஓட்டைக்கு நேரா வச்சா காத்து விடாம வீசணும். மெஷின்ல மொத்த லீக் காட்டுற வகைன்னா அந்த பிரஷருக்கு தாள்ல போட்டிருக்குற அளவாவது காட்டணும், அதுக்கும் கீழ காட்டுனா சந்தோஷப்படாதீங்க, ஓட்டை அடைச்சிருக்கு இல்ல ஓட்டையே இல்ல. சில மெஷின் வேணும்னே விடுற லீக்கைக் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் காட்டும், அதுல பூஜ்யம்னா நல்லது. உங்க மெஷின் எந்த வகைன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்குங்க.

கரண்ட் போனா, மெஷின் நின்னா, ஓட்டை இருந்தும் பிரயோஜனம் இல்ல, தள்ளுறதுக்குக் காத்து இல்லாம அவர் 1.8 மீட்டர் டியூபுக்குள்ள மூச்சு விட்டு அதையே இழுப்பாரு. சாதாரண 22 மி.மீ. டியூபுக்குள்ள மட்டும் கிட்டத்தட்ட 680 மி.லி. காத்து நிக்கும். வாயையும் மூடுற வென்டட் மாஸ்க்ல இதுக்குன்னே ஒரு ரப்பர் மூடி இருக்கும், பிரஷர் விழுந்தா தானா தொறந்து வெளிக்காத்தை உள்ள விடும், கழுவி மாட்டும்போது அது மடங்காம ஒட்டாம ஆடுதான்னு விரலால தள்ளிப் பாருங்க. கை தூக்கி மாஸ்க்கைத் தானா கழட்ட முடியாத ஆளுக்கு இந்த மூடி இல்லாத மாஸ்க் வீட்ல குடுக்கவே கூடாது, மெஷின்ல பேட்டரி இருக்கணும், அலாரம் சத்தம் பக்கத்து ரூம்ல தூங்குறவங்க காதுல விழுதான்னு ஒரு ராத்திரி வேணும்னே பிளக்கைப் புடுங்கிப் பாத்துடுங்க, நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டே.